மேலே பார்த்தால் ஆமாம்

ஜூலை 29, திங்கள்

எழுதச் சொல்லிவிட்டார்கள், எழுதுகிறேன். "பிள்ளை தினமும் என்ன செய்யுதுன்னு ரெண்டு வரி எழுதிட்டு வாங்க சார், போதும்" என்றார் பயிற்சி மையத்து ஜெசிந்தா டீச்சர். என் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடைக்கு வினைல் ஷீட் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடந்தது.

கோமதி குளியலறையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுந்துவிட்டாள். பிள்ளைமேல் அடி படாமல் பிடித்துக்கொண்டே விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது, கல்யாணம் வரைக்கும் பிரிக்க முடியாதாம். இத்தனை வருஷம் அவள் ஒருத்தி பார்த்த வேலை எல்லாம் இப்போது என் தலையில். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், கால்களை நீட்டி மடக்கிவிட வேண்டும், பயிற்சி மையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

பிள்ளைக்கு ஆறு வயது. மூளை முடக்குவாதம். நடக்காது, தானாக உட்காராது, பேசாது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். வாயில் எச்சில் வடியும். கண் இரண்டும் இரண்டு திசை. அடிக்கடி மேலே பார்க்கும், ஃபேன் சுற்றுவது அதற்குப் பிடிக்கும் போலிருக்கிறது. பெயர் நிறைமதி. நான்தான் வைத்தேன். "பேருல மட்டும் நிறைமதி" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். கேட்காத மாதிரி நின்றிருக்கிறேன்.

என் தங்கை வடிவுக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி கல்யாணம். இந்த நேரம் பார்த்தா விழ வேண்டும்!

ஜூலை 30, செவ்வாய்

மதியச் சோறு ஊட்டினேன். பாதியை அது தின்றது, பாதியை என் சட்டை தின்றது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பயிற்சி மையம். போய்வரும் வழியில் தெரிந்த முகம் எதிரே வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். ஆடித்தபசுத் திருவிழா முடிந்து சங்கரன்கோவிலே காலியாகக் கிடந்தது, நல்லதாகப் போயிற்று.

கால் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்கிறது. இழுத்தால் இன்னும் இறுகுகிறது. "மல்லுக்கட்டாதீங்க சார். மெதுவா, பேசிக்கிட்டே செய்யுங்க" என்றார் டீச்சர். என்னத்தைப் பேச? வினைல் விலை ஏறிவிட்டதைப் பேசினேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "டீச்சர், இது வம்சத்துல வர்றதா?"

"பெரும்பாலும் அப்படி இல்ல சார். அதுலயும் உங்க பிள்ளைக்குக் காரணம் ஆஸ்பத்திரிச் சீட்டுலயே இருக்கே. பிறந்த உடனே அழல, மூச்சு வரத் தாமதமாயிருக்கு. அந்நேரத்துல மூளையில கை கால் அசைவைப் பாக்குற இடம் அடிபட்டிருக்கு. இது தொத்தவும் தொத்தாது, அந்த அடி இனிமே பெருசாகவும் செய்யாது. பயிற்சி குடுக்கக் குடுக்க உடம்பு கொஞ்சம் இளகும்."

"அப்ப புத்தி?"

"சில பிள்ளைகளுக்கு அதுவும் குறையும். இவளுக்கு நல்லா இருக்கு. கேட்டுப் பாருங்களேன். மேலே பார்த்தா ஆமாம். கண்ணை இறுக்கி மூடினா இல்லை. கோமதி உங்ககிட்ட சொல்லலையா?"

கோமதி சொல்லியிருக்கிறாள். தாய் மனசு, அப்படித்தான் தோன்றும் என்று விட்டுவிட்டேன். டீச்சர் கேட்டுக் காட்டினார். "மதி, காலையில இட்லி சாப்பிட்டியா?" கண்ணை மூடியது. "தோசையா?" மேலே பார்த்தது.

தோசைதான். கோமதி போனில் முன்னமே சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அருணாசலம் சித்தப்பா வந்திருந்தார். அப்பா இல்லாத வீடு, நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்படிதான். மாப்பிள்ளை வீடு கடையநல்லூர், அவர் கொண்டுவந்த சம்பந்தம். அந்த வீட்டம்மா தங்கபுஷ்பம் ரொம்பக் கறார் என்று பேச்சு.

"ஏலே சங்கரபாண்டி, அவங்க உன் பிள்ளையப் பத்திக் கேட்டாங்க. ஒரு பொம்பளப் பிள்ள, ஆச்சி வீட்ல தங்கிப் படிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். கல்யாணத்தன்னைக்குக் கோமதியும் பிள்ளையும் வீட்லயே இருக்கட்டும். கை ஒடஞ்சிருக்குல்லா, அதையே சாக்காச் சொல்லிக்கிடலாம். முடக்குன்னு காதுல விழுந்துச்சுன்னா சம்பந்தம் முறிஞ்சிரும்டே. வடிவு கழுத்துல தாலி ஏறட்டும், பெறகு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

அம்மா தலையை ஆட்டினாள். வடிவு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கோமதி மட்டும், "பிள்ளைய வச்சிக்கிட்டே பேசுதீங்களே" என்றாள்.

"அதுக்கு என்ன தெரியும்? நீ சும்மா இரு" என்றேன் நான்.

பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. தூக்கம் வந்திருக்கும். சாயங்காலம் ஊட்டப் போனால் வாயைத் திறக்கவே இல்லை. காலையில் கொடுத்த பால் செரிக்கவில்லை போல.

ஆகஸ்ட் 7, புதன்

நான் தும்மினால் அதற்குச் சிரிப்பு வருகிறது. இன்று பொய்யாகவும் தும்மிப் பார்த்தேன். அதற்குச் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கல்யாண ஃபிளெக்ஸ். ஊருக்கெல்லாம் அடித்துத் தருகிறவன் தங்கை கல்யாணத்துக்கு மட்டமாக அடிக்க முடியுமா? மண்டப வாசலை அடைக்கிற அளவில் வைத்தேன். நடுவில் மாப்பிள்ளை கதிரேசனும் வடிவும், சுற்றிலும் பெரியவர்கள், அடியில் "அன்புடன் அழைக்கும் குட்டீஸ்" என்று சொந்தத்தில் உள்ள அத்தனை வாண்டுகளின் முகமும் வரிசையாக. எங்கள் பக்கத்தில் இந்த வரிசையில் ஒரு பிள்ளை விட்டுப்போனால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்தே நடக்கும்.

அம்மா வந்து காதோரம் சொன்னாள். "எய்யா, உம் பிள்ள படமும் இருக்கணும். இல்லாட்டி ஏன் இல்லைன்னு ஒவ்வொருத்தனும் கேப்பான்." கொஞ்சம் நின்றுவிட்டு, "பாத்துப் போடு" என்றாள்.

பாத்துப் போடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குப் பருவை எடுத்திருக்கிறேன், கறுப்பைச் சிவப்பாக்கியிருக்கிறேன். சட்டையே போடாமல் வாழ்ந்து செத்த தாத்தாக்களுக்குக் கண்ணீர் அஞ்சலியில் கோட் மாட்டிவிட்டிருக்கிறேன். இது என்ன பெரிய வித்தை? கோமதி போனில் இருந்த படத்தை எடுத்துக் கழுத்தை நிமிர்த்தினேன். எச்சிலைத் துடைத்தேன். நேராக இருந்த கண்ணைத் திருப்பி அடுத்த பக்கம் ஒட்டினேன். வாய்தான் மூட மாட்டேன் என்றது. பெரியம்மா பேத்தி வாயை வெட்டி வைத்தேன், பொருந்திவிட்டது.

வேலை சுத்தம். பொட்டு வைத்த பிள்ளை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின மாதிரி சிரிக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோமதியிடம் காட்டவில்லை. பிரிண்ட் போட்ட பிறகு பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

கோமதி கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள், அம்மாவும் கூடப் போய்விட்டாள். வேறு வழி இல்லாமல் பிள்ளையைக் கடைக்குக் கொண்டுபோனேன். பிள்ளை உட்காரும் சக்கர வண்டியை மெஷினுக்குப் பின்னால் நிறுத்தினேன். அங்கே சூடு என்று தெரிந்து முன்னால் கொண்டுவந்தேன்.

கிரைண்டர் கடை அண்ணாச்சி போர்டு அடிக்கச் சொல்ல வந்தார். பிள்ளையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "அடப் பாவமே, இது யாரு பிள்ள தம்பி?"

"சொந்தக்காரப் பிள்ளை அண்ணாச்சி" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது. யாரும் அப்படித்தான் சொல்வார்கள், கடை வியாபாரம் நடக்கிற இடம், நின்று கதை சொல்ல முடியுமா. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. வாசல் வெயில் முகத்தில் அடித்திருக்கும். அண்ணாச்சி போன பிறகும் திறக்கவில்லை. வண்டியை நிழலுக்குத் தள்ளினேன், அப்போதும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கால் நீட்டி மடக்கினேன். இன்று என்னைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

ஃபிளெக்ஸ் ரெடி. வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறைச் சுவர் முழுக்க விரித்துக் கட்டினேன். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். வடிவு பிள்ளையின் வண்டியைப் படத்துக்கு முன்னால் தள்ளிவந்து விளையாட்டுக் காட்டினாள்.

"மதிக்குட்டி, இதுல அத்தை எங்க?" பிள்ளையின் கண் வடிவின் படத்துக்குப் போனது. "அம்மா எங்க?" கோமதியின் படத்துக்குப் போனது. "அப்பா எங்க?" கொஞ்சம் தாமதித்து என் படத்துக்கு வந்தது. அம்மாகூட "ஏ, ஆமா!" என்று கையைத் தட்டினாள்.

"சரி, மதி எங்க?"

கண் கீழ் வரிசைக்கு இறங்கியது. ஒவ்வொரு முகமாகப் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. எங்கேயும் நிற்கவில்லை.

"இந்தா இருக்கேடி, இதான் நீ!" வடிவு விரலை வைத்துக் காட்டினாள். பிள்ளை அந்த முகத்தைப் பார்த்தது. கண்ணை இறுக்கி மூடியது. "நீதான்டி!" மறுபடி மூடியது, முகமே சுருங்குகிற அளவுக்கு.

எனக்கு ஏனோ ஆத்திரம் வந்துவிட்டது. "பாத்தீங்களா! சொந்த மூஞ்சியே தெரியல. இதுக்குப் போயி எல்லாம் புரியும், எல்லாம் புரியும்ங்கீங்க!"

கோமதி ஃபிளெக்ஸ் கிட்டே போய் நின்றாள். இடது கையால் அந்த முகத்தைத் தடவினாள்.

"அவ சரியாத்தான் சொல்லுதா. இது அவ இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இது யாரு வாய்?"

கோமதி தன் போனை எடுத்துப் பழைய படத்தைப் பிள்ளை முன்னால் நீட்டினாள். சாய்ந்த கழுத்து, திறந்த வாய், நாடியில் எச்சில். "இது யாரு தங்கம்?"

உடனே மேலே பார்த்தாள். சிரித்தாள்.

நான் வெளியே போய் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றினேன். எங்கே போனேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகஸ்ட் 26, திங்கள்

நாலாம் தேதி எழுதியதைப் படித்தேன். தூக்கம் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். பதினேழாம் தேதி வெயில் என்று எழுதியிருக்கிறேன். மானங்கெட்ட பயல் நான். அவளுக்கு என்ன தெரியும் என்றேன், "இல்லை" என்று பதில் சொல்லியிருக்கிறாள். சொந்தக்காரப் பிள்ளை என்றேன், அதற்கும் "இல்லை" என்றிருக்கிறாள். என் கண் முன்னால், என் முகத்தைப் பார்த்து. வீட்டில் வளர்கிற நாய் குரைத்தால்கூட எதற்கென்று எட்டிப் பார்ப்பேனே!

அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது கேட்டேன்.

"மதி, அன்னைக்குக் கடையில அண்ணாச்சிகிட்ட அப்பா சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

மேலே பார்த்தாள்.

"அப்பா மேல கோவமா?"

மேலே பார்த்தாள். அவசரப்படவில்லை. நன்றாக, நான் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் வைக்காமல் பார்த்தாள்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதற்கு என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்கவில்லை. துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

புதுப் படம் எடுக்க மதியைக் கடைக்குக் கூட்டிப் போனேன். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் படம் எடுத்திருக்கிறேன், என் பிள்ளையை ஒருமுறைகூட எடுத்ததில்லை. கேமராவைத் தூக்கினால் அவள் கை தானாக விறைத்து எழும்புகிறது, தலை ஒதுங்குகிறது. நிற்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் மை வாடையில் எனக்குத் தும்மல் வந்தது, நிஜத் தும்மல். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் போட்டதும் என் கை பழக்கத்தில் எச்சிலை அழிக்கப் போனது. பின்னால் திரும்பிக் கேட்டேன். "மதி, இத எடுத்துரவா?" கண்ணை மூடினாள்.

சரிம்மா.

ஆகஸ்ட் 30, வெள்ளி

படத்தை மாற்றினால் மட்டும் போதாது. வீட்டில் சொன்னேன், கடையநல்லூர் போய் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. அம்மா, "குடியக் கெடுக்காதய்யா" என்று அழுதாள். சித்தப்பா போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

வடிவிடம் தனியாகக் கேட்டேன். உன் வாழ்க்கை, நீ வேண்டாம் என்றால் போகவில்லை என்றேன்.

"கல்யாணம் நின்னாலும் பரவாயில்லன்னு சொல்ல நான் என்ன தியாகியாண்ணே? பயமாத்தான் இருக்கு." நகத்தைக் கடித்துத் துப்பினாள். "ஆனா அங்க போயி தினமும் பொய் சொல்ல எனக்கு வராது. மதிய நான் எப்படி இல்லைம்பேன்? போயிச் சொல்லிரு. இப்பவே தெரிஞ்சிரட்டும்."

செப்டம்பர் 1, ஞாயிறு

கடையநல்லூர். தங்கபுஷ்பம் அம்மா காப்பி கொடுத்தார். குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"எம் மக ஆச்சி வீட்ல படிக்கல. எங்க கூடத்தான் இருக்கா. அவளுக்கு மூளை முடக்குவாதம். நடக்க மாட்டா, பேச மாட்டா. உங்ககிட்ட மறைச்சிட்டோம்."

கதிரேசன் அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். "நாளைக்கு என் பேரப்பிள்ளைக்கு?"

பிறந்தபோது மூச்சு தாமதமானதைச் சொன்னேன். எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கூட்டிப் போகிறேன், நீங்களே கேளுங்கள் என்றேன். எனக்குப் புரிந்த விதத்திலும் சொன்னேன். "எங்க கடையில பிரிண்டர் ஹெட் அடைச்சிக்கிட்டா படம் கோடு கோடா வரும்மா. அதுக்காகக் கம்ப்யூட்டர்ல இருக்கிற படம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. உள்ள அது முழுசாத்தான் இருக்கும். எம் மகளும் அப்படித்தான். எனக்கே போன வாரந்தான் தெரிஞ்சுது."

"பெத்த தகப்பனுக்குப் போன வாரந்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றார்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பிள்ள இப்படின்னு நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. ஆனா இருக்கிற பிள்ளைய இல்லைன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. யோசிச்சிச் சொல்லுதோம். போயிட்டு வாங்க."

காப்பி ஆறிப்போய்விட்டது.

செப்டம்பர் 3, செவ்வாய்

போன் வரவில்லை. மதிக்கு இருமல். வடிவு சாப்பிடவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 4, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினார் தங்கபுஷ்பம் அம்மா, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. வடிவு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். நேரே மதி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இவளுக்குப் புரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவகிட்டயே கேளுங்கம்மா."

அவருக்குக் கூச்சம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏளா, உங்க அத்தைய நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டா?"

மதி கண்ணை இறுக்கி மூடினாள்.

"என்ன செய்யுதா?"

அடுப்படி வாசலில் நின்ற வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மாட்டேங்கா அத்தை. கூட்டிட்டுப் போக வேண்டாமாம்."

அந்த அம்மா திகைத்தார், பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். "அடி கள்ளி! அப்ப எல்லாம் புரியத்தான் செய்யுது." ஒரு பழத்தை உரித்துப் பிசைந்து, எப்படி ஊட்டுவது என்று கோமதியிடம் கேட்டுக் கேட்டு ஊட்டினார்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் சொன்னார். "கல்யாணம் நடக்கும். இந்தப் பிள்ள முன்வரிசையில இருக்கணும். உங்க சித்தப்பா எம் மூஞ்சியில முழிக்க வேண்டாம். நீங்க செஞ்சதும் எனக்கு மறக்காது, பாத்துக்கிடுங்க."

மறக்க வேண்டாம். நானும் மறக்கப் போவதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

தாலி ஏறிவிட்டது. வடிவு சிரித்த முகமாகப் போனாள். சித்தப்பா வரவில்லை.

காலையில் மண்டப வாசலில் வாழைமரத்துப் பக்கம் மதியின் வண்டியோடு நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பந்தல் துணி, பக்கத்தில் புது ஃபிளெக்ஸ். கீழ் வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் கேமராவைப் பார்க்கிறார்கள், மதி மட்டும் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்றுதான் போனார்கள். நிற்கட்டும். கோமதி மாவுக்கட்டுக் கையோடு சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கிரைண்டர் கடை அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். ஃபிளெக்ஸைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் குரல் பெரிசு.

"தம்பி, இது அன்னைக்குக் கடையில இருந்த பிள்ளல்லா? சொந்தக்காரப் பிள்ளன்னுல்லா சொன்ன?"

மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் திரும்பினார்கள். காது இரண்டும் எரிந்தது. பந்தலுக்குள் அடுப்பு மூட்டின மாதிரி இருந்தது.

"பொய் சொன்னேன் அண்ணாச்சி. இது எம் மக. நிறைமதி."

அண்ணாச்சி என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை. நான் மதியைத்தான் பார்த்தேன். கண்ணை மூடிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. முதலில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மேலே பார்த்தாள்.

நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே ஃபேன் எதுவும் இல்லை.